பாலாம்பிகை எழுதிய இரண்டு பெயர்கள்

பனிச்சந்துறை ஒன்றியத்தின் தலைவரைத் தெரிவுசெய்யும் கூட்டம் வருடா வருடம் சண்டையில்தான் முடிந்தது. லண்டனில் எந்த ஊர்ச் சங்கத்துக்கும் அது பொதுவான வியாதிதான். ஆனால் 1987ஆம் ஆண்டுக் கூட்டத்துக்கு ஹரோப் பக்கத்து ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு கோச் பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கை உயர்த்தினார்கள். தில்லையம்பலத்தாரை ஆறாவது தடவையாகத் தலைவராக்கிவிட்டுத் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பனிச்சந்துறை எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது என்று கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் பேசிக்கொண்டார்கள். அடுத்த முறை இரண்டு கோச் பிடிப்பதென்றும் முடிவெடுத்தார்கள்.

அந்தக் கோச்சுகள் ஓடாமல் போனதற்குக் காரணம் அருட்பிரகாசம்.

அருட்பிரகாசம் நெடுங்காலமாகச் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். சோதனை கிட்ட வரும்போதெல்லாம் அவருக்கு வேறு ஏதாவது ஒரு நாட்டின் அரசியலமைப்பில் ஆசை வந்துவிடும். 1988 கார்த்திகையில் அமெரிக்கத் தேர்தலைத் தொலைக்காட்சியில் பார்த்தவர், அந்த மாதக் கூட்டத்திலேயே எழுந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அமெரிக்காவிலை சனம் போடுற வோட்டு நேரை ஜனாதிபதிக்குப் போறேல்லை," என்றார். "ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தினை எலெக்டர் எண்டு கணக்கிருக்கு. சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ, ரெண்டு செனற்றர் இருக்கிறபடியால் ஆருக்கும் ரெண்டு நிச்சயம். மிச்சம் சனத்தொகையைப் பாத்து. ஒவ்வொரு கட்சியும் தன்ரை எலெக்டர்ஸ் ஆரெண்டு முன்னமே சொல்லி வைக்கும். ஒரேயொரு இடத்தைத் தவிர, மாநிலத்தை வெல்லுற கட்சியின்ரை ஆக்கள் அவ்வளவு பேரும் உள்ளுக்கை வருவினம். பிறகு மார்கழியிலை, ஒரே நாளிலை, அவையவை தங்கட தங்கட மாநிலத்திலை கூடி, ஜனாதிபதிக்கு ஒரு சீட்டும் உபஜனாதிபதிக்கு ஒரு சீட்டும் எழுதுவினம். அதுதான் உண்மையான தேர்தல்."

"எழுதிப்போட்டு?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"வீட்டை போவினம்."

"வேறை வேலையில்லையோ?"

"இல்லை. அவ்வளவுதான்."

மண்டபத்துக்கு அது பிடித்துப்போயிற்று. வேலையில்லாத பதவி என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். அதோடு, கோச்சில் எத்தனை பேரை ஏற்றி வந்தாலும் ஹரோவுக்கு உரிய எலெக்டர் தொகை கூடாது என்பதும் கிழக்கு லண்டன்காரருக்கு இனித்தது. ஹரோக்காரருக்கோ, எவ்வளவு சிறிய பகுதியானாலும் இரண்டு நிச்சயம் என்பது இனித்தது. லண்டனை மூன்று பகுதியாகப் பிரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் கிழக்கு லண்டனுக்கு ஏழு, ஹரோவுக்கு மூன்று, தெற்கே டூட்டிங்குக்கு மூன்று என்று வந்தது. மொத்தம் பதின்மூன்று, ஏழு கிடைத்தவர் தலைவர். அருட்பிரகாசம் எழுதிக்கொண்டு வந்த யாப்பை, அதாவது சங்க விதிகளை, ஒருவரும் முழுதாக வாசிக்கவில்லை. எல்லாரும் கை உயர்த்தினார்கள்.

தில்லையம்பலத்தார் திரும்பவும் நின்றார். உபதலைவருக்கு அவருடைய ஆள் பத்மநாதன். எதிர்த்து ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா. அவருக்கு உபதலைவராகப் பெர்னடெற் ரீச்சர். ரீச்சர்தான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்துகிறவர். சேர்ச்சில் கேட்டு மண்டபம் எடுப்பதும் அவர்தான். விசா விஷயமாக ஹோம் ஆபீசுக்குக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் தேடிப்போவதும் அவரைத்தான். அவர் தலைவராக நின்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் எப்போதும் வேலையாக இருந்ததால் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை போலும்.

கிழக்கு லண்டனில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் பக்கம் ஏழு எலெக்டர்களைத் தேடியது. செயற்குழுவில் இருப்பவர்கள் எலெக்டராகக் கூடாது என்று யாப்பில் இருந்தது. ஆகவே பதவியில்லாத, ஆனால் சொல் மாறாத ஆட்கள் வேண்டும். முதலில் சவிரிமுத்தர், பங்குக் கோயில் பாடகர் குழுவில் நிற்கிற வயதானவர். இரண்டாவதாக யாரோ பாலாம்பிகையின் பெயரைச் சொன்னார்கள்.

பாலாம்பிகை பிளேஸ்டோவில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறவள். அயல்வீட்டு வெள்ளைக்காரக் கிழவியின் பூனையை ஒரு கிழமைக்குப் பார்ப்பதாகச் சொல்லி, கிழவி ஸ்பெயினில் விழுந்து காலை முறித்துக்கொண்டதால், தும்மித் தும்மி இரண்டு மாதம் அதை வளர்த்தவள். "அவ சொன்னால் சொன்னதுதான்," என்றார்கள். அன்றே ஏழு பேரும் மண்டபத்தில் வரிசையாக நின்று, எங்கள் பக்கம் வென்றால் ஸ்ரீஸ்கந்தராஜா, பெர்னடெற் ஆகிய இருவரின் பெயர்களையும் எழுதுவோம் என்று சத்தியம் செய்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது பாலாம்பிகை சற்று நிமிர்ந்தே நடந்தாள். அவளுடைய கணவன் கணேசலிங்கத்துக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. அவனுக்கு விஷயம் சரியாக விளங்கவில்லை.

"அப்ப சனம் போடுற சீட்டிலை உம்மடை பேர் இருக்குமோ?"

"இல்லை. அவையின்ரை பேர்தான் இருக்கும்."

"நீர் உமக்கு விருப்பமான ஆளை எழுதலாமோ?"

"ஏலாது. சொன்ன ஆளைத்தான் எழுதவேணும்."

"அப்ப நீர் போஸ்ற்மன்," என்றான் கணேசலிங்கம். "கடிதம் வேறை ஆரோ எழுதினது."

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னதில் பிழையில்லை என்பது இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

மாசியில் வாக்களிப்பு நடந்தது. டூட்டிங்கும் ஹரோவும் தில்லையம்பலத்தாருக்கு அள்ளிக் கொடுத்தன. கிழக்கு லண்டனில் ஸ்ரீஸ்கந்தராஜா நான்கு வாக்கால் தப்பிப் பிழைத்தார். தலைகளை எண்ணினால் தில்லையம்பலத்தாருக்குத்தான் கூட வாக்கு. எலெக்டர்களை எண்ணினால் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஏழு, மற்றவருக்கு ஆறு. எலெக்டர்கள் கூடும் நாள் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்று கிழமை இருந்தது.

அந்த மூன்று கிழமைக்குள்தான் பாலாம்பிகைக்குத் தான் யாரென்று தெரியவந்தது.

முதலில் வந்தவர் பத்மநாதன். ரெய்னர்ஸ் லேனிலிருந்து பிளேஸ்டோவரைக்கும் காரில் வந்து, பெரியதொரு கேக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் உங்களைக் குழப்ப வரேல்லை. ஒரு நியாயம் கேக்க வந்தனான். லண்டன் முழுக்க எண்ணிப் பாத்தால் எங்களுக்குத்தான் கூடச் சனம் போட்டிருக்கு. ஓமோ இல்லையோ?"

"ஓம்."

"அப்ப சனம் கேட்டது தில்லையம்பலத்தாரை. ஒரேயொரு எலெக்டர் மனச்சாட்சிப்படி எழுதினால் சனத்தின்ரை விருப்பம் நிறைவேறும்."

"அண்ணை, எங்களுக்குச் சனம் கூடப் போட்டு, உங்களுக்கு எலெக்டர் கூட இருந்தால், உங்கடை ஆக்களிலை ஒருத்தரை எங்களுக்கு எழுதச் சொல்லுவியளோ?"

பத்மநாதன் கேக்கைப் பார்த்தார். "அது வேறை," என்றார்.

அவர் போனபிறகு கணேசலிங்கம் கேக்கை வெட்டினான். வாக்கைத்தானே கொடுக்கக் கூடாது, கேக்கைச் சாப்பிடலாம் என்பது அவனுடைய சட்டம்.

அடுத்த சனிக்கிழமை அவள் ஃபாரஸ்ட் கேட்டுக்குச் சாமான் வாங்கப் போனாள். கல்லாவில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனைவி தவநாயகி. தலைவரின் மனைவியாக, எலெக்டர்கள் கூடும் அன்றைக்கு எந்தச் சேலை உடுப்பதென்று இரண்டு வாடிக்கையாளரிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா பாலாம்பிகையைக் கண்டதும், நல்ல கத்தரிக்காய் உள்ளே இருக்கிறது என்று சொல்லிக் கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அரிசி மூட்டைகள்தான் இருந்தன.

"தங்கச்சி," என்றார் மெதுவாக, "எனக்கு வோட்டுப் போடாதையுங்கோ."

அவள் தனக்குக் காது கேட்பதில் பிழையோ என்று பார்த்தாள்.

"எனக்கு மேடையிலை கதைக்க ஏலாது. மூத்தவளின்ரை பிறந்தநாளுக்கு நன்றி சொல்லச் சொல்லி மைக்கைத் தந்தவை. கண் இருண்டு போய், நான் கேக்குக்குப் பக்கத்திலை இருந்திட்டன். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் ஏலாதெண்டு சொல்லிப் பழக்கமில்லை. இவையள் வந்து நில்லுங்கோ எண்டினம், ஓமெண்டன். தோத்துப்போவன் எண்டு நினைச்சுத்தான் ஓமெண்டனான்."

"அப்ப விலகுங்கோவன் அண்ணை."

அவர் கல்லாப் பக்கம் எட்டிப் பார்த்தார். தவநாயகியின் குரல் அங்கிருந்து கணீரென்று கேட்டது. "ஊதா நிறம் எனக்கு எடுக்குமோ?"

"விலகினால் அவ என்னை உயிரோடை விடமாட்டா. எண்டாலும் தில்லையம்பலத்தார் திரும்பவும் வாறதும் எனக்கு விருப்பமில்லை. அந்தாள் மாலை போடுறதுக்கு மட்டும்தான் வாறவர். என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி. வேலையெல்லாம் ரீச்சர்தானே செய்யிறா. என்னை ஏன் பிடிச்சவையோ."

பாலாம்பிகை கத்தரிக்காய் இல்லாமல் வீடு திரும்பினாள். எலெக்டராக இருப்பதில் ஒரு வேலையும் இல்லையென்றுதானே சொன்னார்கள். எதிராளி தங்களுக்குப் போடு என்கிறார். தன் ஆள் தனக்குப் போடாதே என்கிறார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசியலை அள்ளி வைத்துக்கொண்டே யோசித்ததில், ஒரு பையனின் தட்டில் மூன்று பேருக்குரியது விழுந்துவிட்டது. அன்று பின்னேரம் அருட்பிரகாசத்துக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, ஒரு எலெக்டர் மாறி எழுதினால் என்ன நடக்கும்?"

மறுபக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு வசதியாக உட்காரும் சத்தம் கேட்டது. இப்படியொரு கேள்விக்காகத்தான் அவர் இத்தனை வருடம் படித்திருக்கிறார்.

"நல்ல கேள்வி. ஆதியிலை எலெக்டர்ஸை வைச்சதே அவையள் யோசிச்சுப் போடவேணும் எண்டுதான். பிறகு கட்சியள் வந்து யோசிக்கிற வேலையை எடுத்துப்போட்டினம். இப்ப சில மாநிலத்திலை சட்டம் போட்டுக் கட்டி வைச்சிருக்கினம், சிலதிலை வெறும் வாக்குறுதிதான். போன மார்கழியிலைகூட மேற்கு வேர்ஜீனியாவிலை ஒரு அம்மா தன்ரை கட்சி ஆக்கள் ரெண்டு பேரையும் இடம் மாத்தி எழுதினவ. ஜனாதிபதிக்கு நிண்டவரை உபஜனாதிபதிக்கு, மற்றவரை ஜனாதிபதிக்கு."

"பிறகு?"

"அப்பிடியே எண்ணினவை. அவவின்ரை கட்சி ஏற்கெனவே தோத்துப்போச்சு, அதாலை ஒண்டும் மாறேல்லை."

"எங்கடை யாப்பிலை மாறி எழுதக் கூடாதெண்டு இருக்கோ?"

அருட்பிரகாசம் தாள்களைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். "அதை எழுத மறந்துபோனன்," என்றார்.

"ஒருத்தருக்கும் ஏழு வராட்டில்?"

"அமெரிக்காவிலை அது காங்கிரசுக்குப் போகும். முதல் மூண்டு இடத்திலை வந்த ஆக்களிலை ஒருத்தரைத் தெரிவுசெய்யவேணும். மாநிலத்துக்கு ஒரு வோட்டு, அவ்வளவுதான். அதையும் அப்பிடியே போட்டிருக்கிறன். எங்களிலை பகுதிக்கு ஒரு வோட்டு. மூண்டு பகுதியிலை ரெண்டு கிடைச்சால் சரி. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா, அறிவுக்கு," என்றாள்.

பங்குனி ஞாயிறு காலை, ஹரோவில் மூன்று பேரும், டூட்டிங்கில் மூன்று பேரும், ஃபாரஸ்ட் கேட் சேர்ச் மண்டபத்துப் பக்க அறையில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கூடினார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு. சவிரிமுத்தர் சிலுவை போட்டுக்கொண்டு எழுதினார். பாலாம்பிகை பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். மற்ற இரண்டு பகுதியும் தில்லையம்பலத்தாரையே பிடித்துக்கொண்டால் அந்த மனுஷன் ஏழாவது தடவையும் மாலை போடுவார், பழி அவள் தலையில் விழும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் போஸ்ற்மன் என்று கணேசலிங்கம் சொன்னதும் ஞாபகம் வந்தது. எழுதி மடித்துப் பெட்டியில் போட்டாள்.

மத்தியானம் மூன்று பகுதியின் பெட்டிகளும் எலெக்டர்களோடு பெரிய மண்டபத்துக்கு வந்தன. சனம் நிறைந்திருந்தது. தவநாயகி ஊதாச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். அருட்பிரகாசம் கோட் போட்டு வந்திருந்தார். ஹரோ, தில்லையம்பலம் மூன்று. டூட்டிங், தில்லையம்பலம் மூன்று. பிறகு கிழக்கு லண்டன் பெட்டி. ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். ஆறு சீட்டில் ஸ்ரீஸ்கந்தராஜா. ஏழாவதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலைவர், பெர்னடெற்," என்று வாசித்தார்.

மண்டபம் ஒரேயடியாகப் பேசத் தொடங்கியது. ஆறு, ஆறு, ஒன்று. ஒருவருக்கும் ஏழு இல்லை. துரோகம் என்று ஒருவர் சொன்னார், மறுபடி எண்ணுங்கள் என்று இன்னொருவர் சொன்னார், ஏழு சீட்டையும் எண்ணிய பிறகு மறுபடி என்ன எண்ணுவது என்று மூன்றாமவர் கேட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாருடைய பார்வையும் சவிரிமுத்தரின் பக்கம் திரும்பியது. ரீச்சரும் அவரும் ஒரே பங்குக் கோயில், ஒரே பூசைக்குப் போகிறவர்கள்.

"வயசுபோன நேரத்திலை உங்களுக்கு ஏனிந்த வேலை?" என்று ஒருவர் அவரிடம் நேரே கேட்டுவிட்டார். சவிரிமுத்தர் எழுந்து நின்றார். "நான் சத்தியம் பண்ணினபடிதான் எழுதினனான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாலாம்பிகை எழுந்தாள். எழும்போது கதிரை பின்னால் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அவரை விடுங்கோ. அது நான் எழுதினது."

அவளை ஒருவரும் சந்தேகப்பட்டிருக்கவில்லை. அதனால் நம்பவும் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ரெண்டு பேற்றை பேரையும் எழுதுவன் எண்டு இந்த மண்டபத்திலைதான் சொன்னனான். ரெண்டு பேரையும்தான் எழுதினனான். தலைவருக்கு ரீச்சர், உபதலைவருக்கு ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை. எந்தப் பேர் எதிலை எண்டு நான் யோசிச்சன். யோசிக்கக் கூடாதெண்டு யாப்பிலை இல்லை."

"உண்மைதான், இல்லை," என்றார் அருட்பிரகாசம், சற்று வெட்கத்தோடு.

"ஏன் யோசிச்சனீ? ஆர் உன்னை யோசிக்கச் சொன்னது?" என்றாள் தவநாயகி, ஊதாச் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்து நின்று.

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கேட்டதை அங்கே சொல்வதற்குப் பாலாம்பிகை ஆளில்லை. ஏச்சு விழுந்தது. நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கணேசலிங்கம் விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

அப்போது ஸ்ரீஸ்கந்தராஜா மேடையை நோக்கிப் போனார். முகம் வெளுத்திருந்தது. அருட்பிரகாசத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் கேட்டனான்," என்றார். "எனக்குப் போடவேண்டாமெண்டு. எனக்கு இது ஏலாது. ரீச்சருக்குப் போடுங்கோ."

சொல்லிவிட்டு, விழுவதற்கு முன் மேடைப் படியில் தானே உட்கார்ந்துகொண்டார். முன்வரிசையில் தவநாயகியும் உட்கார்ந்தாள்.

இனிப் பகுதிக்கு ஒரு வாக்கு. கிழக்கு லண்டன் எலெக்டர்களுக்கு, தங்கள் ஆளே கைவிட்டபிறகு, ரீச்சரைத் தவிர வேறு வழியில்லை. ஹரோ தில்லையம்பலத்தாருக்கு. மிச்சம் டூட்டிங். அவர்கள் ஆரம்பத்திலிருந்தே தில்லையம்பலத்தாரின் ஆட்கள்தான். அவர் பேசாமல் இருந்திருந்தால் தலைவர் அவரேதான். ஆனால் வெல்லப் போகிறோம் என்று தெரிந்தபிறகு பேசாமல் இருக்க அவரால் ஏலவில்லை. மைக்கை வாங்கி எல்லாருக்கும் நன்றி சொல்லி, தன் ஆறு வருடச் சேவையை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டு போனவர், "வாற கோடைக்கும் விளையாட்டுப் போட்டியை வழக்கம்போலை ஹரோவிலையே சிறப்பா நடத்துவம்," என்று முடித்தார்.

டூட்டிங் தலைமை எலெக்டர் பீற்றர் மெதுவாக எழுந்தார். "ஐயா, இந்த முறை டூட்டிங்கிலை எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னனீங்கள்?"

"அது அடுத்த முறை," என்றார் தில்லையம்பலத்தார்.

டூட்டிங்காரர் மூன்று பேரும் மூலைக்குப் போய்க் கதைத்தார்கள். அதிக நேரம் எடுக்கவில்லை. "பெர்னடெற்," என்றார் பீற்றர்.

ரீச்சரை மேடைக்கு அழைத்தபோது அவர் அங்கே இல்லை. சமையலறையில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஏப்ரனோடு வெளியே வந்தார்.

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே," என்றார். அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை, கோபம்தான் இருந்தது. "பாலாம்பிகை, நீங்களாவது ஒரு சொல் கேட்டிருக்கலாம்."

அது உண்மை. எல்லாரையும் பற்றி யோசித்த பாலாம்பிகை அதை மட்டும் யோசிக்கவில்லை. "பிழைதான் ரீச்சர்," என்றாள். அன்றைக்கு அவளுக்கு உண்மையாகவே வலித்தது ரீச்சரின் அந்த ஒரு பேச்சுத்தான்.

ரீச்சர் மண்டபத்தைப் பார்த்தார். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. "சரி, இருக்கிறன்," என்றார் கடைசியில். "ஆனால் முதல் சவிரிமுத்தரிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. பிறகு மிச்சம்."

மன்னிப்புக் கேட்டார்கள். மிச்சமும் நடந்தது. உபதலைவர் பதவிக்கும் ஒருவருக்கும் ஏழு கிடைக்கவில்லை; ரீச்சருக்கு ஆறு, பத்மநாதனுக்கு ஆறு, ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஒன்று. அதற்கு யாப்பின்படி முதல் இரண்டு பேரில் ஒருவரைத் தெரிவுசெய்யவேண்டும். அந்த இருவரில் ஒருவரான ரீச்சர் தலைவராகிவிட்டதால் மிச்சமிருந்தவர் பத்மநாதன் மட்டும்தான். இப்படியாக, கேக் கொண்டுபோய்க் கொடுத்த பத்மநாதன், தான் எதிர்த்து நின்றவருக்கே துணையாக வந்து சேர்ந்தார். ரீச்சர் அவரைச் சனிக்கிழமை வகுப்பில் அரிச்சுவடிப் பிள்ளைகளோடு இருத்திவிட்டார். நாலு மாதத்தில் மனுஷன் நல்ல வாத்தியாராகிவிட்டார் என்று கேள்வி.

தவநாயகி பாலாம்பிகையோடு தைப்பொங்கல்வரை பேசவில்லை. சாமான் நிறுக்கும்போது தராசைத்தான் பார்த்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா மட்டும் பை மேல் ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா வைத்துவிடுவார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எலெக்டர் முறையை வைத்திருப்பதா விடுவதா என்று விவாதம் வந்தது. இனி எலெக்டர் யாரும் யோசிக்கக் கூடாது என்று சட்டம் எழுதுவோம் என்றார்கள் சிலர். யோசிக்காத எலெக்டருக்குச் சீட்டும் பேனாவும் எதற்கு, ஒரு தபால் முத்திரை போதாதா என்றாள் பாலாம்பிகை. அவள் ஒரு கூட்டத்தில் தன் கருத்தைச் சொல்ல எழுந்தது அதுதான் முதல் தடவை. கை உயர்த்தியதில் எலெக்டர் முறை இல்லாமல் போயிற்று. உறுப்பினர் பதிவைச் சரிபார்த்து, ஆளுக்கு ஒரு வாக்கு என்றாயிற்று.

அருட்பிரகாசம் இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் மாதம் வந்தார். முகம் தெளிவாக இருந்தது. சுவிற்சர்லாந்தில் ஏழு பேர் சேர்ந்து ஆட்சி செய்கிறார்களாம், வருடத்துக்கு ஒருவர் முறை வைத்துத் தலைவராக இருப்பாராம் என்று தொடங்கினார்.

"அருட்பிரகாசம்," என்றார் ரீச்சர், "சோதனை எப்ப?"

"வாற மாதம்."

"அப்ப அதை எழுதிப்போட்டு வாங்கோ. சுவிற்சர்லாந்து எங்கையும் போகாது."